மண்ணைக் கடலில் தள்ளிவிட்டால் என்ன தப்பு?

2025 மார்ச் 9, காலை. ஒரு வாசகர் கேட்டது:

"அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கடலோர ரோட்டிலேயே கூட்டிப்போகலாம் என்று கிளம்பினோம். பிக் சர் பகுதியில் லூசியாவைத் தாண்டியதும் தடுப்பு வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரமும் திரும்பி வந்தோம். ஒரு வருடமாக மூடிக்கிடக்கிறதாம். மலையிலிருந்து விழுகிற மண் எப்படியும் கடலுக்குத்தான் போகப்போகிறது. நாலு புல்டோசரை வைத்துக் கடலில் தள்ளிவிட்டு ரோட்டைத் திறப்பதற்கு என்ன தடை? நம் ஊரில் என்றால் ரெண்டு நாளில் முடித்திருப்பார்கள்."

2025 மார்ச் 9, இரவு

நான் சாலினாஸில் இருக்கிறேன். நீங்கள் வந்த அந்தக் கடலோர ரோட்டில், அதாவது ஹைவே 1-இல், பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன். வேலையும் மண், பாறை சம்பந்தப்பட்டதுதான்.

நீங்கள் திரும்பிய இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருப்பது ரீஜன்ட்ஸ் ஸ்லைடு என்ற மண்சரிவு. போன வருடம் மார்ச்சில் இறங்கியது. ரோட்டில் கிடக்கிற மண்ணை அள்ளுவது அங்கே பெரிய வேலையே கிடையாது. சரிவின் அடியில் கிடக்கும் அந்த மண்தான் மேலே இருப்பதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடியில் அள்ள அள்ள மேலே இருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், அரிசி மூட்டையில் கீழே ஓட்டை விழுந்த மாதிரி. அதனால் உச்சியில் ஆரம்பித்து வெட்டிக்கொண்டே கீழே வர வேண்டும். உச்சிக்கு இயந்திரம் ஏறுவதற்கே முதலில் ஒரு பாதை போட வேண்டும். மழை வந்தால் ஆட்களை இறக்கிவிட வேண்டும். ஒரு வருடம் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கடல். அந்தக் கரை முழுக்க மான்டரே விரிகுடா தேசியக் கடல் சரணாலயத்துக்குள் வருகிறது. 1992-இல் அறிவித்தார்கள். அனுமதி இல்லாமல் மண்ணையோ கல்லையோ அதில் கொட்டக்கூடாது, கடலடியை மாற்றக்கூடாது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சாண்டா லூசியா மலை நேராகக் கடலிலிருந்து எழுந்து நிற்கிறது. பாறை பெரும்பாலும் நொறுங்கியது, நசுங்கியது. ரோடு வருவதற்கு முன்னாலும் அந்த மலை கடலுக்கு மண்ணைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

2025 மார்ச் 10

ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: அப்படியானால் முன்பெல்லாம் என்ன செய்தார்கள்?

தள்ளினார்கள். பல வருடம் வெட்டி 1937-இல் திறந்த ரோடு இது. சிறைக்கைதிகளைக் கூட்டிவந்து வேலை வாங்கினார்கள். வெடி வைத்தார்கள், நீராவி மண்வெட்டி இயந்திரம் கொண்டுவந்தார்கள், வெட்டியதெல்லாம் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குப் போனது. அந்தக் காலத்தில் அதை யாரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

பெரிய தள்ளல் 1983-இல் நடந்தது. ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் மலை இறங்கி, ரோடு ஏறக்குறைய ஒரு வருடம் மூடிக்கிடந்தது. சரிசெய்ய வெட்டிய மண் சுமார் 30 லட்சம் கன கெஜம். மண்ணைத் தள்ளிய ஒரு புல்டோசர் ஓட்டுநர் அந்த வேலையில் உயிரையே விட்டார்.

30 லட்சம் கன கெஜம் என்றால் நம் கணக்கில் பார்ப்போம். ஒரு கன கெஜம் 27 கன அடி. மொத்தம் 8.1 கோடி கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், ஆக 8.1 லட்சம் யூனிட். நாலு யூனிட் டிப்பர் என்று வைத்தால் இரண்டு லட்சத்துச் சொச்சம் லோடு. ராத்திரி பகல் பார்க்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு லோடு போனாலும் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ரெண்டே ரெண்டு லேன்.

தள்ளியவர்கள் ஏன் தள்ளினார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் புரிகிறது. தள்ளிய மண் கடலோட்டத்தில் தெற்கே நகர்ந்து மக்வே குடாவில் மணலாகச் சேர்ந்தது. அந்தக் குடாவில் எல்லோரும் போட்டோ எடுக்கிற அருவி முன்பு நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அலை உள்வாங்கியிருக்கும்போது மணலில் விழுகிறது. உங்கள் அப்பா அம்மா பார்க்க ஆசைப்பட்ட அந்த அழகான கடற்கரையில் ஒரு பங்கு ரோட்டு மண்.

2025 மார்ச் 10, சற்று நேரம் கழித்து

மேலே போட்ட கணக்கைத் திருத்த வேண்டும். மலையில் இறுகிக்கிடக்கும் மண்ணை வெட்டினால் உப்பிவிடும் என்று ஒருவர் சரியாகச் சொன்னார். இதே தொழிலில் இருந்துகொண்டு நான் அதை விட்டிருக்கக்கூடாது. 30 லட்சம் என்பது மலையில் இருந்தபோது எடுத்த அளவு என்றால், கால்வாசி கூட்டினாலும் இரண்டரை லட்சம் லோடு.

2025 மார்ச் 16

"கடல் அவ்வளவு பெரியது, கொஞ்சம் மண் விழுந்தால் என்ன ஆகிவிடும்?" என்ற கேள்வி இந்த வாரம் முழுக்க வந்துகொண்டே இருந்தது. வாயால் பதில் சொல்வதற்குப் பதில் நேற்று ஒரு வேலை செய்தேன்.

எங்கள் தெருக்கோடியில் வெட்டிப் போட்டிருந்த சரிவிலிருந்து இரண்டு கை மண் எடுத்து வந்தேன். ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடியில் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு நன்றாகக் குலுக்கி, சமையல் மேடையில் வைத்தேன். மகள் போனில் நேரம் குறித்தாள்.

கல்லும் பெருமணலும் ஜாடியைக் கீழே வைப்பதற்குள் அடியில் போய்விட்டன. ஒரு நிமிடத்துக்குள் பொடிமணல் ஒரு கோடாகப் படிந்தது. அதற்குமேல் வண்டல், தொட்டால் மாவு மாதிரி இருப்பது, மத்தியானம் வரை இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே களிமண். இன்று காலையிலும் தண்ணீர் டீ நிறத்தில்தான் இருந்தது. ஜாடிக்குப் பின்னால் மகள் விரலைக் காட்டினாள், தெரியவில்லை.

கடலில் மண் விழுந்தால் கல் ஒரு பக்கம் கிடந்து, பிற்பாடு அதன்மேல் பாசியும் சிப்பியும் ஏறிக்கொள்ளும். அதில் எனக்குக் கவலை இல்லை. பிரச்சினை இந்த டீ நிறத்தில்தான். பிக் சர் கரையில் கெல்ப் என்கிற பெரிய கடற்பாசிக் காடு இருக்கிறது. தென்னை உயரத்துக்கு வளரும். அதன் விதைத்துகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. சுத்தமான பாறைமேல் விழுந்து ஒட்டினால்தான் முளைக்கும். பாறைமேல் வண்டல் ஒரு பூச்சு பூசியிருந்தால் ஒட்டாது. மேலே தண்ணீர் கலங்கியிருந்தால் வெளிச்சமும் இறங்காது.

2025 மார்ச் 17

ஜாடி விஷயத்தில் ஒரு பெரிய தவறு. நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் களி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகி வேகமாக இறங்கும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நன்றி. நேற்று ராத்திரியே இன்னொரு ஜாடியில் லிட்டருக்கு 35 கிராம் கல் உப்பு கரைத்து அதே மண்ணைப் போட்டேன்.

அவர் சொன்னது சரி. தூங்கப் போவதற்குள் மேல்பகுதி தெளிந்துவிட்டது. பரவாயில்லையே, கடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அடியைப் பார்த்தேன். மணலுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குப் பஞ்சு மாதிரி ஒரு படலம். ஜாடியை லேசாகச் சாய்த்தாலே புகை மாதிரி எழும்பியது. நிறுத்தினால் மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது.

அதாவது உப்புத் தண்ணீரில் கலங்கல் சீக்கிரம் போய்விடுகிறது, ஆனால் போர்வை சீக்கிரம் விழுகிறது. ஒவ்வொரு அலைக்கும் எழும்பி, மறுபடி விழுகிறது. பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற அபலோன் என்ற சிப்பிக்கு எது கெடுதல் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

2025 மார்ச் 23

"நம் ஊரில் ரெண்டு நாளில் முடித்திருப்பார்கள்" என்ற வரியை இரண்டு வாரமாக மனசிலிருந்து எடுக்க முடியவில்லை. ஏனென்றால் அப்படி முடித்தவர்களில் நானும் ஒருவன்.

படித்து முடித்த புதிதில் நீலகிரியில் ஒரு காண்டிராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். வடகிழக்குப் பருவமழை நேரம். மலை ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மேலே இருந்து போன் மேல் போன், சாயங்காலத்துக்குள் ரோடு திறக்க வேண்டும் என்று. ஜேசிபி வந்தது. நான் விளிம்பில் நின்று கை காட்டினேன். ஓட்டுநர் வாளி வாளியாகப் பள்ளத்தில் தள்ளினார். மூன்று மணி நேரத்தில் பஸ் போனது. டீக்கடையில் எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கீழே இருக்கும் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா ஏறி வந்தார். இடுப்பில் பிளாஸ்டிக் குடம். ஒன்றும் பேசாமல் என் முன்னால் ரோட்டில் குடத்தைச் சாய்த்தார். செக்கச்செவேலென்று தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. அடியில் தங்கியிருந்த சேறு கடைசியாகத் தொப்பென்று விழுந்தது. "இதுல சோறு பொங்குவியா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் தள்ளிய மண் அவர்கள் தண்ணீர் எடுக்கும் ஓடையை மூடியிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் எங்கிருந்து தண்ணீர் எடுத்தார்கள் என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடலுக்கு அடியில் இருக்கிற எதுவும் குடத்தோடு மேலே ஏறி வராது. கடலில் கொட்டுகிற விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

2025 ஏப்ரல் 2

"2017-இல் மட் க்ரீக்கில் மலையே கடலுக்குள் போனது. அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி, பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அதே ஹைவே 1-இல் இருக்கும் மட் க்ரீக் சரிவு 2017 மே 20 அன்று இறங்கியது. அதற்கு முன் பல வருட வறட்சி, பிறகு ஒரே குளிர்காலத்தில் கொட்டித் தீர்த்த மழை. ஏற்கெனவே சின்னச் சின்னதாக மண் விழுந்துகொண்டிருந்ததால் ஆட்கள் அங்கே அள்ளிக்கொண்டிருந்தார்கள். சரிவு நகர்வதைக் கவனித்துச் சில நாட்களுக்கு முன்பே அவர்களையும் இயந்திரங்களையும் வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரு உயிரும் போகவில்லை. இதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். கால் மைல் நீளத்துக்கு ரோடு இருந்த தடமே தெரியவில்லை. கடலுக்குள் சுமார் 13 ஏக்கர் புது நிலம் நீட்டிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். 1983 மாதிரி மொத்தத்தையும் வெட்டித் தள்ளவில்லை. சரிந்த மண் எங்கே போய் நின்றதோ, அதன் மேலேயே கரை கட்டி, வலை போட்டு, தண்ணீர் வடிய வழி செய்து, புது ரோடு போட்டார்கள். 2018 ஜூலை 18 அன்று திறந்தது. செலவு 5.4 கோடி டாலர். பதினான்கு மாதம். அவசரப்பட்டுத் தள்ளியிருந்தாலும் இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மலை தானாக விழுந்ததற்கும் நாம் தள்ளுவதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஒட்டியிருந்த ஒரு சிப்பிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலை ஒரு இடத்தில் விழுந்தால் பக்கத்து இடம் அப்படியே இருக்கும், பிறகு அங்கிருந்து உயிர்கள் பரவி வரும். ரோட்டை வைத்திருப்பவர்கள் தள்ள ஆரம்பித்தால் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு குளிர்காலமும் தள்ள வேண்டியிருக்கும். திரும்பி வர அந்தக் கரைக்கு இடைவெளியே கிடைக்காது.

இந்தப் பதிலில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

2025 ஏப்ரல் 5

யோசித்தேன். நான் "மலை தானாக விழுந்தது" என்று எழுதியதே அரைகுறை. எல்லாச் சரிவும் தானாக விழுவதில்லை.

பிக் சரில் இருக்கும் ராட் க்ரீக் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் டோலன் தீ என்ற காட்டுத்தீ. ஒன்றேகால் லட்சம் ஏக்கர் எரிந்தது. மலையைப் பிடித்துக்கொண்டிருந்த வேரெல்லாம் போய்விட்டது. 2021 ஜனவரியில் பெருமழை. எரிந்த மரமும் சாம்பலும் பாறையும் சேறும் ஒன்றாக ஓடி வந்து ரோட்டுக்கு அடியில் இருந்த குழாயை அடைத்துக்கொண்டன. தண்ணீருக்குப் போக வழியில்லை. ரோட்டுக்கு மேலே ஏறி, மண் கரையை அரித்து, 150 அடி அகலத்துக்கு ரோட்டையே தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனது.

ஓடை கொண்டுவந்த சேறு மலையுடையது. ஆனால் அங்கே இருந்த ரோட்டுக் கரை நாம் கொண்டுவந்து கொட்டிய மண். குழாய் போதுமான அகலத்தில் இருந்திருந்தால் அந்த மண் போயிருக்காது. மறுபடி கட்டும்போது 10 அடி விட்டத்தில் குழாய் வைத்தார்கள். ஏப்ரல் 23 அன்று ரோடு திறந்தது, மூன்று மாதத்துக்குள்.

அந்த மழையில் பிக் சர் கரையில் கறுப்பு அபலோன்கள் சேற்றில் புதைந்தன. 2009-இலிருந்து அழியும் நிலையில் உள்ளவை பட்டியலில் இருக்கும் உயிர் அது. ஆய்வாளர்கள் போய், சேற்றைத் தோண்டி, உயிரோடு இருந்தவற்றை எடுத்து வேறு பாறைக்கு மாற்றினார்கள். உள்ளங்கை அளவு சிப்பிக்காகக் குளிரில் முட்டி போட்டுத் தோண்டியவர்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

2025 மே 18

கொஞ்சம் தடம் மாறுகிறேன். இதே ரோட்டில் இருக்கும் பிக்ஸ்பி பாலம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 1932-இல் கட்டியது. பாலத்துக்கு அடியில் ஓடும் ஓடை கடலில் சேரும் இடத்தில்தான் 1938-இல் கடல் நீர்நாய்க் கூட்டம் ஒன்று, சுமார் 50, கண்ணில் பட்டது. தோலுக்காக வேட்டையாடி இந்தக் கரையில் அது முடிந்துபோனதாகவே பலரும் நினைத்திருந்தார்கள். ரோடு திறந்து ஒரு வருடத்தில் இது நடந்தது. ரோடு எட்டாத, அதனால் மனிதன் எட்டாத கரையாக இருந்ததால்தான் அந்த ஐம்பதும் பிழைத்தன. இன்று கலிபோர்னியாவில் இருக்கும் நீர்நாய்கள் அவற்றின் வம்சம்.

அந்த ரோட்டில்தான் நானும் போய் நீர்நாய் பார்க்கிறேன். மல்லாந்து மிதந்து, வயிற்றின்மேல் கல்லை வைத்துச் சிப்பியைத் தட்டுகிற சத்தம் காற்று சரியாக இருந்தால் மேலே வரை கேட்கும். டக் டக் டக் என்று.

2025 மே 19

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டெவில்ஸ் ஸ்லைடு. இது பிக் சர் இல்லை, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே. அதே ஹைவே 1. 1995-இல் மாதக்கணக்கில் மூடியது. உள்நாட்டுப் பக்கமாகச் சுற்றிப் பெரிய பைபாஸ் வெட்டுவதா, சுரங்கமா என்று பல வருடச் சண்டை. 1996-இல் சான் மட்டேயோ கவுண்டி மக்கள் சுரங்கத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 2013 மார்ச்சில் திறந்தது. பழைய ரோடு இப்போது நடைபாதை.

அந்த நடைபாதைக்கு எதிரே கடலில் ஒரு பாறை. அங்கே கூடு கட்டும் மர் என்ற கடற்பறவைகள் 1986 எண்ணெய்க் கசிவில் காணாமல் போயின. பறவை மாதிரி பொம்மை செய்து, கண்ணாடி வைத்து, குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பி, மறுபடி வரவழைத்தார்கள். எங்கள் ஊரில் வயலுக்கு நடுவில் பொம்மை நிறுத்துவது பறவையைத் துரத்த. இங்கே கூப்பிட. மகளிடம் சொன்னபோது இதைத்தான் அவள் மறுபடி மறுபடி கேட்டாள்.

பிக் சருக்கும் சுரங்கம் போடலாமே என்றால், அத்தனை நீளத்துக்கு முடியாது. எந்த இடம் இனி தாங்காது என்று முடிவு செய்து, அந்த இடத்தில் மட்டும் மலைக்கு வழிவிடலாம்.

2025 ஜூன் 7

பிக் சரில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்து நண்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கோபப்பட்டார். அவர் சொன்னதை இங்கே எழுத அனுமதி கொடுத்திருக்கிறார்.

2017-இல் ஃபைஃபர் பள்ளத்தாக்குப் பாலம் பிப்ரவரியில் விரிசல் விட்டு இடிக்க வேண்டியதாயிற்று. தெற்கே சரிவுகள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஹெலிகாப்டரில் சாமான் வந்தது. காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போட்டு, அதில் பிள்ளைகள் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். ஹோட்டல்களில் வேலை பார்த்தவர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். புதுப் பாலம் அக்டோபரில்தான் திறந்தது. "நீ ஜாடியில் மண்ணைக் குலுக்கிக்கொண்டிருக்கிறாய், இங்கே மனுஷன் மாட்டியிருக்கிறான்" என்றார்.

அவர் சொல்வதில் தப்பில்லை. மார்ச்சிலிருந்து நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூடிக்கிடக்கும் ரோட்டால் யார் சாப்பாடு போகிறது என்று ஒரு வரி இல்லை. ஒரு வருடம் தாமதமாவது கடலுக்காகக் கொடுக்கிற விலை என்றால், அதை அந்த ஊர் மட்டும் கொடுக்கக்கூடாது. உல்லாசப் பயணம் போய்வருகிற நம் எல்லோரிடமும் அதில் பங்கு வாங்க வேண்டும்.

ஒன்று மட்டும் அவரிடம் சொன்னேன். அந்தப் புதுப் பாலத்துக்கு நடுவில் தூணே கிடையாது. பழையது பள்ளத்தாக்கின் சரிவில் தூண் ஊன்றி நின்றது, அந்தச் சரிவு நகர்ந்ததால் போனது. புதியது ஒரே தாவலில் தாண்டுகிறது. கீழே மண் நகர்ந்தால் நகர்ந்துகொள்ளட்டும். இது கடலுக்காகக் கட்டியதில்லை, உங்களுக்காகக் கட்டியது. ஆனால் மலையை அதன் போக்கில் விடுவது இருவருக்கும் நல்லதாக முடிந்திருக்கிறது. "அது சரி" என்றார். கோபம் முழுக்கப் போகவில்லை.

2025 ஜூலை 13

நேற்று பிட்கின்ஸ் வளைவுக்குப் போய்வந்தேன். வடக்கிலிருந்து வழி இல்லாததால் ஹைவே 101-இல் பாசோ ரோபிள்ஸ் வரை இறங்கி, கேம்ப்ரியாவுக்குத் தாண்டி, மறுபடி கடலோரமாக மேலே ஏற வேண்டியிருந்தது. நேராகப் போனால் இரண்டு மணி நேரம். நேற்று நாலரை.

இந்த இடத்தில் இரண்டு அமைப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 2014-இல் முடித்தார்கள், செலவு ஏறக்குறைய 3.9 கோடி டாலர். ஒன்று பாலம். கீழே ஆறு இல்லை, ஓடை இல்லை, சரிகிற மலைச்சரிவுதான் இருக்கிறது. மண் பாலத்துக்கு அடியில் போகும். இன்னொன்று ரெயின் ராக்ஸ் என்ற இடத்தில் ரோட்டுக்கு மேலே போட்ட கான்கிரீட் கூரை. கல் கூரைமேல் உருண்டு அந்தப் பக்கம் விழும். வண்டி அடியில் போகும்.

தள்ளி ஒரு ஒதுக்குப்புறத்தில் வண்டியை விட்டு, பாலத்தைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி முக்கால் மணி நேரம் நின்றேன். மழை இல்லை, காற்று மட்டும். ஆனாலும் சரிவு சும்மா இல்லை. நெல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு. பொடிக்கற்கள் ஒரு கோடாக இறங்கின. நடுவில் தேங்காய் அளவு கல் ஒன்று கிளம்பி, இரண்டு தடவை குதித்து, பாலத்துக்கு அடியில் நுழைந்து மறைந்தது. மேலே அதே நேரம் ஒரு கார் போனது. காரில் இருந்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கீழே தண்ணீர் கலங்கவில்லை.

மலை விழுவதற்கும் நாம் தள்ளுவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஏப்ரலில் எனக்குப் பிடிபடாதது அங்கே நின்றபோது பிடிபட்டது. மலை அந்தக் கல்லை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது, அலை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது. ரோடு குறுக்கே நின்று மறிக்கும்போது அது பத்து வருடத்துக் கல்லையும் மண்ணையும் சேர்த்து வைத்துவிடுகிறது. சேர்ந்ததை ஒரே வாரத்தில் தள்ளினால்தான் அந்தப் போர்வை விழுகிறது.

மார்ச்சில் கேட்ட தம்பிக்கு: மண் கடலுக்குத்தான் போகும் என்று நீங்கள் சொன்னது சரி. மலையின் வேகத்தில் போகட்டும் என்பதுதான் என் பதில்.

2025 ஜூலை 20

"அப்படியானால் நீங்களும் கடலில் மண் போடலாம் என்கிறீர்களா, மார்ச்சில் வேறு மாதிரி பேசினீர்களே" என்று கேட்கிறார்கள். ஆமாம், மாற்றிக்கொண்டேன்.

சாண்டா க்ரூஸுக்கு வடக்கே வாடல் ப்ளஃப்ஸ் என்று ஒரு இடம். ரோட்டுக்கு உள்பக்கம் செங்குத்துப் பாறை, வெளிப்பக்கம் கடற்கரை. பாறை உதிர்ந்து ரோட்டோரப் பள்ளத்தில் சேரும். அதை அள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் போடுவது அங்கே பழைய வழக்கம். ரோடு இல்லாவிட்டால் அது அங்கேதான் விழுந்திருக்கும், அலைக்கு மணலும் தேவை. அதே மண்ணை லாரியில் ஏற்றி வந்து கெல்ப் காட்டுக்கு மேலே கொட்டினால் நான் எதிர்ப்பேன். ஒரே மண்தான். எங்கே, எவ்வளவு, எந்த மாதத்தில் என்று இடத்துக்கு இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோவதும் சும்மா இல்லை. கொண்டுபோய்க் கொட்டும் பள்ளத்தாக்கிலும் ஒரு ஓடை இருக்கும். புரட்டிப்போட்ட மண்ணில் முதலில் முளைப்பது வெளியிலிருந்து வந்த பாம்பாஸ் புல். அது பிடித்துவிட்டால், ஸ்மித் நீல வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் காட்டுச் செடிக்கு இடம் இருக்காது. அதுவும் அழியும் பட்டியலில் இருக்கிற பூச்சி, அதே சரிவுகளில்தான் வாழ்கிறது.

2025 அக்டோபர் 11

அடுத்த வாரம் மழை என்று சொல்கிறார்கள், பருவத்தின் முதல் பெரிய மழை. ரீஜன்ட்ஸ் சரிவில் இன்னும் வேலை நடக்கிறது. ஆள் ஏறினால் ஆபத்து என்ற இடத்தில் தூரத்திலிருந்தே இயக்கும் இயந்திரங்களை விட்டிருக்கிறார்கள். சரிவுக்குள் இரும்புக் கம்பிகளை ஆழமாக இறக்கியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட தம்பி நேற்று எழுதியிருந்தார். அப்பா அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம். அடுத்த வருடம் மறுபடி கூட்டிவரப் போகிறாராம், எங்கே நிறுத்திக் காட்டலாம் என்று கேட்கிறார்.

தெற்கிலிருந்து வந்தால் மட் க்ரீக்கில் நிறுத்துங்கள். புது ரோடு எதன்மேல் நிற்கிறது என்பது கீழே பார்த்தாலே தெரியும். கடல் அந்த 13 ஏக்கரின் விளிம்பைத் தின்றுகொண்டிருப்பதும் தெரியும். அப்புறம் பிட்கின்ஸ். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், தாண்டி ஒதுங்குங்கள். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள், அந்தச் சரசரப்பு கேட்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் போக வேண்டாம்.